குழல் ஆறும் நேரம்

மெலிந்த குழல் சூடானால் குண்டு இடம் மாறிப் போகும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது வர்க்கி. போன வருஷம், ஈஸ்டர் திருநாள் கழிந்த வாரம். கட்டப்பனை போகிற வழியில் அவருக்குத் துப்பாக்கிப் பட்டறை, லைசென்ஸ் உள்ள ஆள். நீங்க கேட்டீங்களேம்மா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் கிளம்புகிற வரைக்கும் கெஞ்சிக்கொண்டு நின்றது யார் என்று? அவன்தான் என் மகன், இன்னாசி. "ரெஜினா வீட்டுக்குப் போகாதம்மா, இறங்கிரு" என்றான். எதற்கு இறங்கச் சொல்கிறான் என்று சொல்ல வேண்டுமானால், அந்த வர்க்கியிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ரெஜினா என் மகள். கீழே ராயப்பன்பட்டியில் கட்டிக் கொடுத்தோம். நாங்க கம்பம்மெட்டுக்கு மேலே. ஏலம் கொஞ்சம், கப்பக்கிழங்கு கொஞ்சம். என் வீட்டுக்காரர் போகும்போது தோட்டத்தையும், இந்த இரண்டு பிள்ளைகளையும், லைசென்ஸோடு ஒரு துப்பாக்கியையும் விட்டுப் போனார். எங்கள் பக்கம் பன்றித் தொல்லை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. நட்ட கிழங்கு நமக்கில்லை. அதனால் லைசென்ஸ் உள்ளவர்களை எல்லாம் பஞ்சாயத்தில் சேர்த்து, பயிரை அழிக்கிற பன்றியைச் சுட அனுமதி கொடுத்தார்கள். இன்னாசியும் பேர் கொடுத்தான். கறி எடுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்துவிட வேண்டும்.

அதற்குத்தான் மெல்கி அப்படிப் புலம்புவார். மெல்கி என்றால் மெல்கியோர், ரெஜினாவின் வீட்டுக்காரர். நாய்கள் வளர்ப்பார். பன்றியை மறைவிலிருந்து கலைத்து வெளியே விரட்ட அவருடைய நாய்கள்தான் வரும். "இத்தனை கறியையும் மண்ணுக்குக் குடுத்துட்டு, வீட்டுல போயி ரசத்த ஊத்திக்கிட்டுச் சாப்பிடணும். இது எந்த ஊரு நியாயம் மச்சான்?" என்பார். நல்ல வாய். சிரிக்க வைக்காமல் ஒரு பேச்சு பேச மாட்டார்.

என் வீட்டுக்காரரின் துப்பாக்கி கனம். ஜீப் கவிழ்ந்ததில் இன்னாசிக்குத் தோள் எலும்பு உடைந்து சேர்ந்தது, சரியாகச் சேரவில்லை. அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் சரிவில் ஏறி நின்று, அதே தோளில் வைத்துச் சுட்டால் இரவெல்லாம் முனகுவான். நான்தான் தைலம் தேய்ப்பேன். அப்புறம்தான் யாரோ சொல்லி வர்க்கியிடம் போனோம். அவர் ஆளுக்குத் தக்க மாதிரி லேசாகச் செய்து கொடுப்பவர்.

தையற்காரர் சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி அளவெடுத்தார். கையின் நீளம், கழுத்து, தோள். உடைந்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, "இவிடெ இடிக்காத மாதிரி கட்டையச் சாய்ச்சுத் தரேன்" என்றார். காகிதமெல்லாம் முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார். நாங்கள் திரும்பப் போனபோது துப்பாக்கியை எடுத்து முதலில் என் கையில்தான் கொடுத்தார். அகப்பை மாதிரி லேசாக இருந்ததும்மா. பின்கட்டைக்குள்ளே குடைந்து எடுத்திருந்தார், குழல் குட்டை, அதுவும் மெலிசு. எனக்கு அவ்வளவு நிம்மதி. இனி என் பிள்ளைக்குத் தோள் வலிக்காது.

இன்னாசிதான் கேட்டான். "இவ்வளவு லேசா இருந்தா குறி நிக்குமா சேட்டா?"

"ஆறின குழலானா மொத குண்டும் ரெண்டாங் குண்டும் நீ நெனச்ச எடத்துல போகும். உன் அப்பச்சன் துப்பாக்கியக் காட்டிலும் நல்லாப் போகும். அதுக்கு மேல போட்டா, சூட்டுல போகும். எவிடெ போகும்னு எனக்கும் தெரியாது." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "அம்மச்சி, கட்டித் தோசைக்கல்லு சூடாக நேரம் பிடிக்கும், சூடானா ஒரே நெலையா நிக்கும். மெலிசுத் தவாவ அடுப்புல வெச்சா? ஒடனே காய்ஞ்சு ஒரு பக்கம் வளையும், தோச ஒரு பக்கம் ஓடும். இது அந்தத் தவா. கனம் வேண்டாம்னு நீங்கதானே கேட்டது?"

எனக்கு அப்படிச் சொன்னால்தான் புரியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எவ்வளவு நேரம் ஆற விடணும்?" என்றான் இன்னாசி. கையில் கட்டியிருந்த வாட்சைத் தொட்டுக்கொண்டு கேட்டான். வர்க்கி சிரித்தார்.

"வாட்ச் பாத்து நீ உக்கார மாட்டே. பன்னியக் கண்டா உன் வாட்ச் ஓடும். அம்மச்சி கையில கொந்த இருக்கில்லே? ரெண்டு குண்டு போட்டதும் துப்பாக்கிய அம்மச்சிகிட்டக் கொடு. அம்மச்சி ஒரு கொந்த முழுசும் சொல்லட்டும். தீர்ந்ததும் வாங்கிக்கோ. அதுவரை தொடாதே."

கொந்த என்றால் அவர்கள் மலையாளத்தில் ஜெபமாலை. கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர் என்று ஊரில் பேச்சு. அவருக்கும் ஜெபமாலையின் அருமை தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மேட்டில் ஒரு டின் மூடியை நிறுத்திச் சுட்டுப் பார்த்தான். இரண்டு ஓட்டையும் ஒட்டி ஒட்டி. ஒரு எலுமிச்சம் பழத்தை வைத்தால் இரண்டையும் மறைத்துவிடும். வேண்டுமென்றே ஆற விடாமல் இன்னும் இரண்டு போட்டான். அது மூடியிலேயே படவில்லை. மேலே, வலது பக்கம், மண்ணில் போய்ப் புதைந்திருந்தது. ஒரு முழம் இருக்கும். நான் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். முடித்துக் கொடுத்தேன். சுட்டான். மறுபடியும் அந்த எலுமிச்சம் பழத்துக்குள்ளே. மெல்கி கைதட்டினார். "அத்தை, இது மாதாவே உட்கார்ந்து செஞ்ச துப்பாக்கி" என்றார்.

அதுமுதல் அதுதான் எங்கள் முறை. பன்றிக்குப் போகிற நாளில் நானும் கிழங்குத் தோட்டத்து ஓரத்தில் போய் உட்காருவேன். நாய்கள் கலைக்கும், இன்னாசி இரண்டு குண்டு போடுவான், துப்பாக்கியை என் பக்கத்து மரத்தில் சாய்த்து வைப்பான். நான் தொடங்குவேன். அந்த நேரத்தில்தான் மெல்கி மறைவிலிருந்து வெளியே வந்து நாய்களைப் பிடித்துக் கட்டுவார், அடிபட்டதா என்று பார்ப்பார், பிளாஸ்கைத் திறந்து காப்பி குடிப்பார். "அத்தை ஜெபமாலையில உக்காந்துட்டா எனக்கு லீவு" என்பார். சில நாள் கேலி செய்வார். "மெதுவாச் சொல்லுங்க அத்தை. உங்க மவன் அடுத்த குண்டு போடுறதுக்குள்ள பன்னி கம்பத்துக்குப் போயி டீ குடிச்சிட்டு வந்துரும்."

நான் சிரிக்க மாட்டேன். ஜெபத்தில் இருக்கும்போது சிரிக்கக் கூடாது. உள்ளுக்குள் சிரிப்பேன்.

அன்றைக்கும் அப்படித்தான். மழை விட்டு வெயில் வந்திருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து போனோம். ஈற்றை மூங்கில் காட்டிலிருந்து நாய்கள் இரண்டு பன்றிகளைக் கலைத்தன. இன்னாசி ஒன்றைச் சுட்டான், விழுந்தது. இன்னொன்றையும் சுட்டான், அது திரும்பி ஈற்றைக்குள்ளேயே ஓடிவிட்டது. துப்பாக்கியைக் கொண்டுவந்து சாய்த்தான். நான் சிலுவை போட்டு ஜெபமாலையை எடுக்கிறேன், அந்நேரம் எதிர்ச்சரிவுக் கோயிலில் மணி அடிக்கிறது. மூன்று மணி.

நீங்க நம்ம சபை இல்லை போலிருக்கு, அதனால் சொல்கிறேன். மூன்று மணி என்பது ஆண்டவர் சிலுவையில் உயிர் விட்ட நேரம். அந்த நேரத்துக்கு இறை இரக்க ஜெபமாலை என்று தனியாக ஒன்று உண்டு. என் வீட்டுக்காரர் இறந்த நாளிலிருந்து நான் அதை ஒரு நாளும் விட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் விட்டதில்லை. உருட்டுகிற மணி அதே மணிதான், மாலை அதே மாலைதான். எப்போதும் சொல்கிற பெரிய ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் அருள்நிறைந்த மரியே முழுவதும் சொல்ல வேண்டும். இதில் இரக்கமாயிரும் என்று முடிகிற ஒரே வரி. வேலைவெட்டி உள்ளவர்களுக்கு வசதி. இப்போகூடப் பாருங்க, பஸ் கிளம்பினதும் ஆரம்பித்தேன், கண்டக்டர் நம்ம சீட்டுக்கு வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். பெரியது என்றால் பாதிகூட வந்திருக்காது.

அதைத்தான் அன்றைக்குச் சொன்னேன். ஒரு மணி விடவில்லை. அவசரப்படவும் இல்லை. சிலுவையை முத்தி செய்து, உதட்டிலிருந்து கையை இறக்குகிறேன், ஈற்றைக்குள் போன பன்றி மறுபடியும் வெளியே வந்து நிற்கிறது. இன்னாசி பார்த்துவிட்டான்.

"முடிஞ்சதாம்மா?" என்றான், மெதுவாக.

"முடிஞ்சதுப்பா."

நானே எடுத்துக் கொடுத்தேன். குழலில் கை பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் சாய்த்து வைத்திருந்ததுதானே.

சுட்டான். பன்றி ஓடிவிட்டது. ஒரு ரோமத்தில்கூடப் படவில்லை. மந்திரி என்று மெல்கிக்கு ஒரு செவலை நாய், அது மட்டும் நின்ற இடத்தில் நின்று குரைத்துக்கொண்டே இருந்தது. பன்றி நின்றதற்குக் கொஞ்சம் மேலே, வலது பக்கம். மெல்கி அதன் சங்கிலியை மாட்டக் குனிந்திருக்கிறார். கிழங்குச் செடி உயரத்துக்கு அவர் குனிந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை.

நாங்கள் ஓடிப் போனோம். பிளாஸ்க் திறந்து காப்பி கொட்டிக் கிடந்தது. நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். என்னைத்தான் பார்த்தார். "அத்தை, ஜெபமாலை அதுக்குள்ளயா?" என்றார். அவ்வளவுதான்.

அந்த நேரத்திலும் அவருக்கு ஜெபமாலை நினைப்புத்தான் பாருங்க. நல்ல மரணத்துக்கு அதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்? ரெஜினாவிடம் இதைச் சொல்லி ஆறுதல் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

எனக்கு அழுகை வரவில்லைம்மா. இன்றுவரை வரவில்லை. சோறு இறங்குகிறது. தூக்கம் வருகிறது. ஏலக்காய் பறிக்கப் போகிறேன். பக்கத்தில் ஆள் பேசினால் பதில் சொல்கிறேன். யாரோ ஒருத்தர் வீட்டில் நடந்ததைச் சொல்வது போல உங்களிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன், பாருங்க.

அடக்கத்தன்று ரெஜினா எல்லோர் முன்னாலும் அண்ணனைக் கேட்டாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. ஆற விட்டுச் சுட்டியா, ஆற விடாமச் சுட்டியா? அவரு உன் துப்பாக்கி ஆறுற நேரத்த நம்பித்தான் வெளிய வருவாரு. நீ காத்திருந்து இது நடந்திருந்தா, சரி, என் தலைவிதி. காத்திருக்கலைன்னா நீ எனக்கு அண்ணன் இல்ல."

இன்னாசி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "ஆற விடல ரெஜி. பன்னியப் பாத்ததும் எடுத்துட்டேன்" என்றான்.

பொய்ம்மா. முழுப் பொய். போலீஸிலும் அதையேதான் சொல்லியிருக்கிறான். ஜெயிலில் வைத்திருந்து, இப்போது ஜாமீனில் வந்திருக்கிறான். வந்தவன் வீட்டுக்குள் படுப்பதில்லை, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் படுக்கிறான். பூசைக்கு வருகிறான், கடைசி வரிசையில் நிற்கிறான், நற்கருணை வாங்காமல் திரும்பிவிடுகிறான். அவனும் மெல்கியும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

நான் கேட்டேன். "ஏன்டா இப்படிச் சொல்லுற? நான் மாலையோட பக்கத்துலயே உக்காந்திருந்தேனே. நீ கேட்டே, நான் முடிஞ்சதுன்னேன், அப்புறம்தானே எடுத்துக் குடுத்தேன். நானே வந்து ஸ்டேஷன்ல சொல்லுறேன்."

"நீ எங்கயும் போயி எதையும் சொல்லாதம்மா. யாரு கேட்டாலும் நீ அன்னைக்கு வீட்டுல இருந்தேன்னு சொல்லு."

"நான் எதுக்குடா பொய் சொல்லணும்?"

"எனக்காகச் சொல்லும்மா."

அம்மாவை ஸ்டேஷன் வாசலில் நிற்க வைக்கக் கூடாது என்று நினைக்கிறான். தங்கமான பிள்ளை. ஆனால் அதற்காகத் தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்வதா?

அப்புறம் நான் வர்க்கியிடமே போனேன். சண்டை போடத்தான் போனேன். எனக்குச் சண்டை போட வராது, ஆனாலும் போனேன். "நீங்க சொன்ன மாதிரித்தானே செஞ்சோம்? துப்பாக்கி ஏன் தப்பிப் போச்சு? குழல இப்படி மெலிசாச் செஞ்சு என் மகள விதவையாக்கிட்டீங்களே" என்றேன்.

அவர் அரத்தைக் கீழே வைத்தார். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார். எத்தனை குண்டு, எங்கே சாய்த்தது, வெயிலா நிழலா. கடைசியில், "அம்மச்சி, அன்னைக்குச் சொன்னது வல்லிய கொந்தயோ, கருணக்கொந்தயோ?" என்றார்.

வல்லிய கொந்த என்றால் அவர்களுக்குப் பெரிய ஜெபமாலை, கருணக்கொந்த என்றால் இரக்க ஜெபமாலை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோயிலுக்கே போகாத மனுஷன் என் ஜெபத்தைக் கணக்குக் கேட்பதா? "மூணு மணிக்குச் சொல்ல வேண்டியதச் சொன்னேன். ஒரு மணி விடாமச் சொன்னேன். அதுல உங்களுக்கு என்ன?" என்றேன்.

அவர் பட்டறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்துவிட்டேன். அப்போதுதான் சொன்னார். "ஒண்ணுமில்லே அம்மச்சி. துப்பாக்கியிலதான் தப்பு. நான் குழல அளவுக்கு மேல மெலிசாக்கிட்டேன். நீங்க போயி நிம்மதியா இரிங்க."

போலீஸிலும் போய் அப்படியே சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். பட்டறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அவர் மனைவி ஒரு நாள் சந்தையில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒத்துக்கொண்டாரே, அதுவரைக்கும் நல்ல மனிதர்தான். அவருக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

பாருங்க, இப்போது ஒரே சாவுக்கு இரண்டு பேர் பழி ஏற்றிருக்கிறார்கள். இவன் நான் பொறுக்கவில்லை என்கிறான், அவர் குழல் சரியில்லை என்கிறார். வர்க்கி சொன்னதுதான் நடந்தது. அது ரெஜினாவுக்குத் தெரிய வேண்டாமா? அண்ணன் காத்திருந்தான் என்று தெரிந்தால் அவள் மனசு இறங்கும். அவள் வாயாலேயே சொன்னாளே, காத்திருந்தால் தலைவிதி என்று. அண்ணன் தங்கை இரண்டு பேரும் எனக்கு முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

அதற்குத்தான் போகிறேன். இன்னாசி தடுத்தான். நேற்றும் தடுத்தான். "அவகிட்ட எந்த ஜெபம்னு மட்டும் சொல்லிராத" என்றான் ஒரு நேரம். என்னடா இவன் உளறுகிறான் என்று விட்டுவிட்டேன். அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? அதுதானே சாட்சி? கோயில் மணி அடித்ததிலிருந்து சிலுவையை முத்தி செய்தது வரைக்கும் ஒவ்வொரு மணியாக உருட்டிக் காட்டப் போகிறேன். அவளும் சின்ன வயதில் என் பக்கத்தில் முழங்காலில் நின்று இரண்டு ஜெபமாலையும் சொல்லி வளர்ந்தவள். எது எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கேட்டதும் புரிந்துகொள்வாள்.

ஏம்மா சேலையை இப்படி இழுத்துப் போர்த்திக்கிறீங்க? குளிருதா? ஜன்னலைச் சாத்தட்டுமா?

கம்பம் வந்தாச்சு போலிருக்கு. நான் இங்கே இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். உங்க போனிலிருந்து ஒரு நம்பருக்குப் போட்டுத் தருவீங்களா? என் நம்பர் என்றால் ரெஜினா எடுக்க மாட்டாள். நான் பேசவில்லை. வீட்டில் இருக்கிறாளா என்று மட்டும் நீங்க கேட்டுச் சொல்லுங்க, போதும்.